பழைய டேப் எக்கோ வாங்கலாமா, லேப்டாப் போதுமா?

கேள்வி: ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் மைக் செட் தொழில் செய்கிறேன். அப்பா காலத்து மெல்லிசைக் கச்சேரிகளில் டேப் எக்கோ பெட்டி இருந்தது. பாடகரின் குரல் மங்கி மங்கித் திரும்பி வரும். இன்றைய மிக்சரில் இருக்கும் எக்கோவில் அந்தக் குழைவு இல்லை. அந்த வகையில் பழைய ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ பெட்டி ஒன்றை 70,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? மென்பொருளில் அந்த ஓசை வருமா?

பதில்: வாங்காதீர்கள். பெட்டி மோசம் என்பதால் அல்ல; 1974-இல் வந்த ஸ்பேஸ் எக்கோ ஆர்.ஈ-201 இன்றும் அருமையான கருவிதான். ஆனால் உள்ளே ஓடும் டேப் வளையம், ரப்பர் உருளை, டேப்பில் ஒலியைப் பதிந்து படிக்கும் காந்த ஹெட் எல்லாமே தேய்கிற பொருள்கள். போதாததற்கு நம் ஊர் உப்புக் காற்று வேறு: அதில் அரிப்பு முற்றியதால்தான் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அதே காற்றுதான் உங்கள் கிடங்கிலும் வீசுகிறது. ஜப்பானுக்கென்று செய்த பெட்டியானால் 100 வோல்ட் கேட்கும்; நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி.

மென்பொருளில் அந்த ஓசை வரும். துருப்பிடித்த பெட்டியின் படத்தை முகப்பில் ஒட்டிய பிளக்-இன்னெல்லாம் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகும் துணை மென்பொருள்) டேப் எக்கோ ஆகிவிடாது, அவ்வளவுதான். டேப்பில் ஒவ்வொரு எதிரொலியும் மறுபடி பதிவாகித் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூர்மை கொஞ்சம் குறையும், அடிக்குரல் கொஞ்சம் மெலியும், ஓசை சற்றே கரகரக்கும். எனவே இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கி, ஃபீட்பேக்கை (எதிரொலி மறுபடி உள்ளே போகும் அளவை) கூட்டி ஒரு முறை கை தட்டுங்கள். இரண்டாவது எதிரொலியைவிட ஐந்தாவது மங்கலாக வர வேண்டும். எல்லாம் ஒரே அளவில் மங்கியிருந்தால், கூர்மையைக் குறைக்கும் ஃபில்டர் எதிரொலிச் சுழற்சிக்கு வெளியே இருக்கிறது, பணம் கொடுக்காதீர்கள். அடுத்து, எதிரொலி கேட்கும்போதே நேரக் குமிழைத் திருகுங்கள். நிஜப் பெட்டியில் அது மோட்டார் வேகத்தை மாற்றும்; அதனால் சுருதி வழுக்க வேண்டும். டக்கென்று வெட்டிக்கொண்டால் அதுவும் டேப் அல்ல.

முதலில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் கூடவே வரும் ரீடிலே என்ற எக்கோ பிளக்-இன்னை முயலுங்கள். 60 நாள் சோதனை இலவசம், சிறு தொழிலுக்கான உரிமம் 60 டாலர். ஸ்பேஸ் எக்கோவில் ஒலியைப் படிக்கும் ஹெட் மூன்று; அதற்கு ஈடாக மூன்று எதிரொலி வையுங்கள்: 150, 285, 410 மில்லிநொடி. எதிரொலியில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் வெட்டுங்கள். டேப்பின் மெல்லிய ஆட்டத்துக்கு சுருதியை லேசாக அசைக்கும் கோரஸ் எஃபெக்ட் ஒன்றை மிகக் குறைவாக வையுங்கள். ஆட்டம் தனியாகக் காதில் விழுந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

மேடையில் லேப்டாப் தாமதம் பண்ணுமே என்ற பயம் வேண்டாம். குரல் மிக்சர் வழியே நேராகப் போகட்டும். ஆக்ஸில் (மிக்சரின் துணை வெளிவழியில்) பிரித்த ஒலியை மட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் ஏற்றி இறக்கும் பெட்டி) வழியே லேப்டாப்புக்கு அனுப்பி, வெறும் எதிரொலியைத் திரும்ப வாங்குங்கள். லேப்டாப் 15 மில்லிநொடி பிந்தினால் எக்கோ நேரத்தில் 15 குறைத்துவிடலாம். எக்கோவே பிந்தி வருவதுதானே!

பிளக்-இன் வாங்கியே தீர வேண்டுமானால் நவம்பர் கடைசி வாரம் வரை பொறுங்கள், பலரும் விலை குறைப்பார்கள். இணையம் இல்லாமல் இயங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பிளக்-இன்கள் உரிமத்தைச் சரிபார்க்க இணையம் கேட்கும். கடற்கரையில் திருவிழா நடுவே சிக்னல் போனால் எக்கோவும் போய்விடும்.

கேள்வி: கீழக்கரையில் ஒரு கடையில் 500 பிளக்-இன்களைப் பென் டிரைவில் போட்டு 600 ரூபாய்க்குத் தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: பில் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள். பூட்டை உடைத்த மென்பொருளோடு வைரஸும் வரலாம். பில் இல்லாமல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தும் காட்டுவதற்கு ஒன்றும் இராது.