டர்போ காருக்கு வேறு மூக்கு எதற்கு?

சென்ற மாதம் இந்தப் பகுதியில், "கோல்ட் ஏர் இன்டேக் மாட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று நம்பி, கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அலுமினியக் குழாயும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டுகிற வேலையைத்தான் சொல்கிறேன். வந்தவை பெரும்பாலும் டர்போ வண்டிக்காரர்களின் கடிதங்கள். சுருக்கியிருக்கிறேன், கடை, கம்பெனி பெயர்களை எடுத்துவிட்டேன்.

1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், வாங்கி ஒன்றரை வருடம். இன்டேக் கிட் 28,000 ரூபாய், பொருத்துக்கூலி தனி. பெட்டியிலேயே "15 குதிரைத்திறன் கூடும்" என்று அச்சடித்திருக்கிறது. வாங்கலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த "15 குதிரைத்திறன்" விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாக மனசு ஆறவில்லை.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் சக்தி கூடும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அது உண்மைதான். 40 டிகிரியில் இருக்கிற காற்று 60 டிகிரிக்குச் சூடானால், அதே அளவு இடத்தில் ஆறு சதவீதம் காற்று குறைந்துபோகும். ஆனால் உங்கள் வண்டியில் டர்போ இருக்கிறதே! உள்ளே வரும் காற்றை அது அமுக்குகிறது. அமுக்கினால் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஒரு பார் அளவுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தோடு இன்னொரு மடங்கு சேர்த்து, அமுக்கும்போது காற்று 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் முன்னால் இன்டர்கூலர் வைத்திருக்கிறார்கள். மூக்கில் நான்கைந்து டிகிரி குறைத்து நீங்கள் சம்பாதிப்பதில் பெரும்பகுதி அங்கே கரைந்துவிடும். போதாததற்கு, எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஃபில்டரில் கொஞ்சம் தடை இருந்தால் டர்போவைக் கூடுதலாகச் சுற்றவிட்டு அதே அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். தடையைக் குறைத்தால் டர்போவின் சிரமம் குறையும். கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றாதவரை சக்தி பெரிதாக ஏறாது.

இன்னொன்று. பானெட்டைத் திறந்து உங்கள் கம்பெனி பெட்டியின் வாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டர் ஓரத்திலோ முடியும். அதாவது அது வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே கோல்ட் ஏர் இன்டேக் இருக்கிறது! அதைக் கழற்றிவிட்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் திறந்த கூம்பை மாட்டினால், காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது அது குடிப்பது இன்ஜின் சூட்டை.

பிறகு அந்த எண். எந்தக் காரில் அளந்தது? எந்தப் பெட்ரோலில்? பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறியைப் போட்டு அளந்ததா? ரீமேப் செய்த, அதாவது கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிய பிறகா? பெட்டியில் இதெல்லாம் இருக்காது. 15 மட்டும் இருக்கும். மளிகைக்கடையில் எடைக்கல்லில் முத்திரை பார்க்கிற நாம், 28,000 ரூபாய்ப் பொருளில் இதைக் கேட்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொய்யான தகவல் தரும் விளம்பரத்தைக் குற்றமாகவே பார்க்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பெட்டியில் உள்ள வாசகமும் விளம்பரம்தான்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "என் வண்டியை, ஒரே நாளில், ஒரே டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடையில்), பானெட்டை மூடி வைத்து, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுங்கள். 15 வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக பில்லில் எழுதுங்கள்." ரேஸ் வண்டிகள் ஓடுகிற ஊர் உங்களுடையது, டைனோ தெரியாதவர்கள் இல்லை. எழுதித் தந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். 2013இல் என் டீசல் ஹேட்ச்பேக்குக்கு 9,500 ரூபாய் கொடுத்து எண்ணெய் தடவிய பருத்திக் கூம்பு ஒன்று வாங்கினேன். மதுரைக்கும் சிவகங்கைக்கும் வாரம் மூன்று முறை ஓட்டம். ஐந்தாவது மாதம் பிக்கப் குறைந்தது. ஹோஸைக் கழற்றி, ஃபில்டருக்கு அப்புறம் உள்ள குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினேன். குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்த மாதிரி செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது. துளி கூட இருக்கக்கூடாத இடம் அது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் அலுமினியச் சக்கரம் அந்தக் குழாயின் முனையில் இருக்கிறது. அத்தனை மாதமும் அதன் மேல் நான் மண்ணை இறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டர்போ மாற்ற ஆன செலவை வீட்டில் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இன்டேக் போட்டால் மைலேஜ் கூடுமா? (சேலம் வாசகர்)

கூடாது. அழுக்கேறிய பேப்பர் ஃபில்டரை மாற்றுங்கள், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

டர்போ டீசல் எஸ்.யூ.வி. கூம்பு ஃபில்டர் மாட்டி நான்கு மாதம். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, மேடு ஏற மாட்டேன் என்கிறது. ஷோரூமில் ஃபில்டரைப் பார்த்ததும் "மொத்த வாரன்டியும் போச்சு" என்றார்கள். ஓடாமல் நிற்கும் ஜன்னல் கண்ணாடி மோட்டாரைக்கூட மாற்றித் தர மறுக்கிறார்கள். (திருநெல்வேலி வாசகர்)

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

விளக்கு எரிவதற்குக் காரணம் அனேகமாக ஃபில்டர் எண்ணெய். காற்றளவு சென்சாருக்குள் முடி மாதிரி மெல்லிய சூடான கம்பி ஒன்று இருக்கும். காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றை அளக்கிறது. அதன் மேல் எண்ணெய் படிந்தால் கணக்கு தப்பும். அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரை அடித்து, உலரவிட்டு மாட்டச் சொல்லுங்கள். கார்புரேட்டர் கிளீனரை அடிக்க விடாதீர்கள், கம்பியைத் துணியால் துடைக்கவும் கூடாது. கம்பெனி பெட்டியைத் திரும்ப மாட்டிவிடுங்கள். இந்தச் செலவு உங்களுடையது.

ஆனால் ஜன்னல் மோட்டாருக்கும் ஏர் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம்? இதை விடாதீர்கள். வாரன்டி புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். வெளிப் பாகத்தால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் வழக்கமாக இருக்கும். அது மோட்டாரைத் தொடாது. எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மறுப்பை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாயால் மறுக்கிறவர்கள் பலர் எழுதச் சொன்னால் இறங்கி வருவார்கள். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். என் டர்போ செடானுக்கு இன்டேக் வாங்க ஆசை. இங்கே என்ன பார்க்க வேண்டும்?

அந்தக் கிட்டுக்கு கலிஃபோர்னியா ஏர் ரிசோர்சஸ் போர்டு (அந்த மாநிலக் காற்று மாசு வாரியம்) தந்த ஈ.ஓ. எண், அதாவது அனுமதி ஆணை எண், இருக்கிறதா என்று. 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். உங்கள் மாடலும் வருடமும் அதன் பட்டியலில் இருக்க வேண்டும், ஸ்டிக்கரை பானெட்டுக்குள் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்மாக் என்கிற புகைச் சோதனையில் கண்ணால் பார்த்தே ஃபெயில் போடுவார்கள். திருநெல்வேலி நண்பருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு: 1975ஆம் வருட மேக்னசன்-மாஸ் சட்டம். வெளிப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக அங்கே மொத்த வாரன்டியையும் தூக்க முடியாது.

இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்ட் கிட், 11,000 ரூபாய், ஜிபே செய்துவிட்டேன். பில் இல்லை. என் கார் டர்போ, வந்திருப்பது டர்போ இல்லாத மாடலுக்கு உள்ளது. மெக்கானிக் ஹோஸை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறார். பிரீத்தர் குழாயை மாட்ட இடம் இல்லையாம், அதைத் திறந்தே விட்டுவிடலாம் என்கிறார். (ஓசூர் வாசகர்)

எந்த இன்ஜினுக்கு என்றுகூடக் கேட்காமல் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். பில் இல்லை, விற்றவர் முகவரி இல்லை. இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது, தம்பி? "பில் போட்டால் விலை கூடும்" என்று யார் சொன்னாலும், அந்தக் கூடுதல் பணம்தான் நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்க வைத்திருக்கும் ஒரே ஆயுதம்.

இப்போது செய்ய வேண்டியது: வெட்டி ஒட்டவே கூடாது. அந்த பிரீத்தர், இன்ஜின் அடிவயிற்று ஆவியை டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குக் கொண்டுவருவது. மாட்டாமல் விட்டால் எண்ணெய்ப் புகை பானெட்டுக்குள் பரவும்; குழாயில் உள்ள ஓட்டையையும் அடைக்காவிட்டால் அது வழியாக வடிகட்டாத காற்று நேராக டர்போவுக்குப் போகும். விற்றவருடன் நடந்த உரையாடலையும் பணம் அனுப்பிய பதிவையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அந்த 11,000 போனதுதான். அதைக் காப்பாற்றப் போய் இன்ஜினை இழக்காதீர்கள்.

பிரபல வெளிநாட்டு பிராண்டு ஃபில்டர் ஆன்லைனில் 6,200 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் எழுத்துப்பிழை, ரப்பர் விளிம்பு கையோடு வருகிறது. போலி என்று தெரிந்து திருப்பி அனுப்பக் கேட்டால், "பெட்டியைத் திறந்துவிட்டீர்கள்" என்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது சார். (திருச்சி வாசகர்)

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. பெட்டியைத் திறக்காமல் போலி என்று எப்படித் தெரியும்? 2020ஆம் வருட மின்வணிக விதிகளில் தெளிவாக இருக்கிறது: பொருள் போலியாகவோ குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திருப்பி எடுக்கவும் பணம் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்தில் தீர்வு, இது விதி. பெட்டியின் ஆறு பக்கத்தையும் படமெடுங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள், எடையளவுச் சட்டப்படி அது தனிக் குற்றம். ஃபில்டரை மட்டும் வண்டியில் மாட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பணம் வரும்வரை எனக்கு எழுதிக்கொண்டிருங்கள்.

வேளச்சேரியில் வீடு. ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், கீழே வைக்கிற கிட் நல்லது என்கிறார்கள். அங்கேதான் குளிர்ந்த காற்று கிடைக்குமாம். (சென்னை வாசகர்)

வேளச்சேரியில் இருந்துகொண்டா? 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்தவர் நீங்கள். முட்டளவுத் தண்ணீரில் அந்த ஃபில்டர் முங்கிவிடும். தண்ணீரை இன்ஜினால் அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கம்பெனி பெட்டியின் வாய் உயரத்தில் இருப்பது அதற்காகவும்தான். மாட்டியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தாலும் கிளெய்மில் தகராறு வரும். எந்த வண்டியாக இருந்தாலும், தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

சக்தி வேண்டாம். அந்த டர்போ விசில் சத்தத்துக்காக மட்டும் போடலாமா? (மதுரை வாசகர்)

சத்தம் நிச்சயம் கேட்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போடுங்கள். தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

ஓ.பி.டி. சாக்கெட்டில் (மெக்கானிக் சோதனைக் கருவியைச் செருகும் இடம்) செருகும் "ஃப்யூயல் சேவர்", 799 ரூபாய்? (வேலூர் வாசகி)

அதில் விளக்கு மட்டும்தான் எரியும். வாங்காதீர்கள். என் முதல் பைக்கின் பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று நம்பி 350 ரூபாய் கொடுத்தவன் நான். அந்த மாதச் சம்பளத்தில் அது பெரிய தொகை.

மகன் துபாயில் இருக்கிறான். அவன் காரை சர்வீசுக்கு விட்டேன். "புது மாதிரி ஃபில்டர், இன்ஜினுக்கு நல்லது அம்மா" என்று சொல்லி 22,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மகன் போனில் சத்தம் போடுகிறான், பழையதை மாட்டச் சொல்கிறான். பட்டறையில் கேட்டால் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். (காரைக்குடி வாசகி)

அம்மா, முதலில் மகனிடம் சொல்லுங்கள், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று. நம்பிக்கையோடு வண்டியை விட்டவரிடம், விளங்காத வார்த்தையைச் சொல்லிப் பணம் வாங்கியது அவர்கள் தப்பு.

கழற்றிய பாகம் உங்கள் சொத்து. உங்களைக் கேட்காமல் தூக்கிப் போட அவர்களுக்கு உரிமை கிடையாது. அந்தப் பெட்டி நல்ல விலைக்குப் போகும், அதனால் தூக்கிப் போட்டதாகச் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பில் கையில் இருக்கும் அல்லவா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: என் சம்மதமில்லாமல் மாற்றிய பாகத்தை எடுத்துவிட்டு, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டித் தரவும், 22,000 ரூபாயைத் திருப்பித் தரவும், ஏழு நாள் அவகாசம். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் போகும்போது தெருவில் வண்டி விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

மாட்டித் தந்தால், பெட்டியின் நான்கு பக்கக் கிளிப்பும் பூட்டியிருக்கிறதா, ஹோஸ் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு நாளில் பதில் வராவிட்டால் அந்த நகலோடு எனக்கு எழுதுங்கள். மாவட்ட ஆணையத்துக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன்.