டீச்சர், மெதுவாப் போங்க!

"ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வயது 61, மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவர்" என்று போன இதழில் ஆசிரியர் என்னைப் பற்றி ஒரு வரி போட்டார். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 54. ஏழரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் கஞ்சி, நடுவில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஓட ஆசைதான். நேரத்துக்கு எங்கே போவேன்?
*- வாசகி, திண்டுக்கல்*

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் செய்த முதல் தப்பு அதுதான். 49 வயதில் ஆரம்பித்தபோது ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். மூன்றாவது வாரம் ஒன்பதாம் வகுப்பில், சாக்பீஸைப் பிடித்தபடியே கண் சொக்கி நின்றேன். பிள்ளைகள் சிரித்த சத்தத்தில்தான் முழிப்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். காலையில் என் நேரத்தைத் தின்றது சமையல் இல்லை, அதற்கு முந்தின சில்லறை வேலைகள். காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, டப்பாவுக்கு மூடி தேடுவது. மூடிக்கே ஐந்து நிமிஷம்! எல்லாவற்றையும் ராத்திரி சீரியல் நேரத்துக்குத் தள்ளினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தால் கதை ஒன்றும் நழுவிப்போகாது. நாலு நாள் பார்க்காவிட்டாலும் அது அங்கேயேதான் நிற்கும்.

மிச்சத்தை வீட்டுக்காரரிடம் வாங்கினேன். பால் காய்ச்சி டிகாஷன் இறக்குவது இனி உங்கள் வேலை என்று சொல்லிவிட்டேன். முதல் மூன்று நாளும் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, துடைக்கவும் இல்லை. நாலாவது நாள் அவரே துடைத்தார். இந்த ஒரு இடத்தில் நீங்கள் இளகினால் அத்தனையும் போச்சு.

தினமும் ஓட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிஷம் மூச்சு வாங்கும் பயிற்சி. மூன்று நாள், நாளுக்கு 25 நிமிஷம். பெருக்கிப் பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு மின்கம்பம் ஓட்டம், நாலு மின்கம்பம் நடை. மூச்சு பழகப் பழக ஓட்டத்தைக் கூட்டுங்கள். சுடிதாரும் ஷூவும் ராத்திரியே வாசல் பக்கம் தயாராக இருக்கட்டும். இருட்டில் பீரோ திறந்தால் வீடே எழுந்துவிடும், அப்புறம் "அம்மா, என் சாக்ஸ் எங்கே?"

தெரு பார்க்குமே என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். பார்க்கும். பத்து நாள் பார்க்கும். அப்புறம் ஒரு நாள் போகாவிட்டால் "என்ன டீச்சர், நேத்து காணோம்?" என்று கேட்கும்.

63 வயதில் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?
*- வாசகர், கோயம்புத்தூர்*

முட்டி ஒன்றும் ரப்பர் செருப்பு இல்லை சார், நடக்க நடக்கத் தேய்வதற்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியான ஒரு கட்டுரையில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முட்டித் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10 சதவீதத்துக்கு மேல். போட்டிக்காக வெறியாக ஓடுகிறவர்களுக்கு அது 13 சதவீதத்தைத் தாண்டியது என்றும் அதிலேயே இருக்கிறது. அதையும் படியுங்கள்.

ஏற்கெனவே முட்டி வீங்குகிறது, மடக்கினால் பூட்டிக்கொள்கிறது என்றால் கதை வேறு. முதலில் எலும்பு மருத்துவர். இல்லையென்றால் முட்டியைத் தாங்கும் தொடைச் சதையைக் கவனியுங்கள். வயதாக ஆக உடம்பு சதையை இழந்துகொண்டே வரும். வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துப் பத்தாக. மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். நான் தோசை வேகும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பேன். பேத்தி பார்த்துவிட்டு "ஆச்சி கொக்கு" என்றாள்.

45 வயதில் 5 கிலோமீட்டரை 26 நிமிஷத்தில் ஓடினேன். இப்போது 58. 34 நிமிஷம் ஆகிறது. வெட்கமாக இருக்கிறது.
*- வாசகர், தஞ்சாவூர்*

கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர் இருந்தார். 2004-இல், 73 வயதில், முழு மாரத்தானை 2 மணி 54 நிமிஷத்தில் ஓடினார். அந்த வயதில் மூன்று மணிக்குள் ஓடியது உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. 2016-இல், 85 வயதில், அதே தூரத்துக்கு அவருக்கு 3 மணி 56 நிமிஷம் ஆனது. அதுவும் அந்த வயதுக்கு உலக சாதனை. அவருக்கே பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது. பதின்மூன்று வருஷத்தில் உங்களுக்குக் கூடியது எட்டு நிமிஷம். இதற்கு வெட்கமா!

அவர் பயிற்சி எடுத்த இடம் வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டம். அதே பாதையில், மெதுவாக, மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுவாராம். அதைப் படித்த பிறகு தெப்பக்குளத்துச் சுற்று எனக்குச் சலிக்கவே இல்லை. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். நான் தொடங்கிய காலத்தில் தண்ணீரே கிடையாது, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. விடிகிற நேரத்தில் மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் தெரியும். மூலையில் அருகம்புல் சாறு விற்கிற அம்மா, டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்கியபடி, நான் வேகமெடுத்தால் "டீச்சர், மெதுவாப் போங்க, குளம் எங்கயும் போயிறாது" என்பார். ஸ்டாப்வாட்ச் விற்கிற யாரும் எனக்கு இந்த யோசனையைச் சொன்னதில்லை.

ஜப்பானில் ஹிரோவாகி தனாகா என்ற பேராசிரியர் இதற்கு ‘நிகோ நிகோ’ வேகம் என்று பெயர் வைத்தார், புன்சிரிப்போடு ஓடக்கூடிய வேகம். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் அளவு. கடிகாரத்தை ஒரு மாதம் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள்.

பெயர் வேண்டாம். 51 வயது. ஓடினால் சிறுநீர் கசிகிறது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.

நிறுத்த வேண்டாம்மா. இது எனக்கும் இருந்தது. பிரசவம், மாதவிடாய் நிற்கிற காலம் இரண்டுமே அடி இடுப்புத் தசையைத் தளர்த்திவிடும். நம் ஊரில் அம்மாவிடம்கூட யாரும் சொல்வதில்லை, ஆளுக்கு ஆள் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். சிறுநீரை அடக்குகிற அதே தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று தடவை. பஸ்ஸில் உட்கார்ந்தபடிகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். எனக்கு நாலாவது மாதம்தான் வித்தியாசம் தெரிந்தது. அதுவரை நாப்கின் வைத்துக்கொண்டு ஓடினேன், கறுப்பு பேன்ட் போட்டேன். மூன்று மாதத்திலும் குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா?
*- வாசகர், விருதுநகர்*

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைட் வகையோ இன்சுலினோ என்றால் இறங்கக்கூடும்; ஓடத் தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் அளவைப் பேசிவிடுங்கள். கிளம்பும்போது சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம். பையில் குளுக்கோஸ் பொடி. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடலை மிட்டாய் வைத்திருந்தார். அதில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு உதவாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், கை இழுப்பு, வழக்கமில்லாத வியர்வை வந்தால் அன்றைக்கு ஓட்டமும் இல்லை, ‘வாயுத் தொல்லை’ என்று சோடா குடிப்பதும் இல்லை. நேரே ஆஸ்பத்திரி.

நாய்கள்?
*- வாசகி, திருநெல்வேலி*

நின்றுவிடுங்கள். திரும்பி ஓடினால்தான் துரத்தும். தினமும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில் போனால் அதுவும் பழகிக்கொள்ளும். என்னை விழ வைத்தது நாய் இல்லை, இருட்டு. 2018 மார்கழியில், தோண்டி மூடாமல் விட்ட ஒரு பள்ளத்தில் கால் போய் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வகுப்பில் இடது கையால் எழுதினேன். என் 7-ஐப் பார்த்து 1 என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். மார்கழியில் இங்கே சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எட்டிப் பார்க்கிறது. அதுவரை நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன்.

மழை நாளில் என்ன செய்வீர்கள்?
*- வாசகர், நாகர்கோவில்*

போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.