மூச்சு வாங்கும் கைக்குழந்தை: ஐ.சி.யு. நர்ஸிடம் கேட்டவை

வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் ஐ.சி.யு.வில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து எங்கள் வார்டில் பாதிக் கட்டில் பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் மெல்லிய காற்றுக்குழல்கள் வீங்கி அடைக்கிற நோய் வந்த குழந்தைகள்தான். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழந்தையை நேரில் பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: என் 4 மாதப் பையனை ஐ.சி.யு.வில் சேர்த்து இரண்டு நாள் ஆகிறது சிஸ்டர். ஆன்டிபயாட்டிக் ஊசிகூடப் போடவில்லை. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், அவ்வளவுதான். வைத்தியமே பார்க்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

பார்க்கிறார்கள், தங்கச்சி. இந்த நோய்க்கு வைத்தியமே அதுதான்.

பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ்தான் இதற்குக் காரணம். பெரியவர்களுக்கு வந்தால் நாலு நாள் மூக்கொழுகலோடு போய்விடும். கைக்குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் இருக்கிற மெல்லிய காற்றுக்குழல்கள் வரை இறங்கிவிடுகிறது. குழலின் உள்பக்கம் வீங்குகிறது, செத்த செல்களும் சளியும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. ஒரு குழலின் உள்விட்டம் பாதியாகச் சுருங்கினால், காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்கு ஏறும். வீட்டில் அப்பாவுக்கு வெறும் ஜலதோஷமாக இருந்தது உங்கள் பையனுக்கு விலா உள்வாங்குகிற மூச்சாக மாறியது இதனால்தான்.

ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. ஸ்டீராய்டையும் பல நாடுகளில் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்பதால் வழக்கமாகத் தர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். வைரஸ் தானாக அடங்க வேண்டும். அதுவரை குழந்தை களைத்துப்போகாமல் மூச்சையும் பாலையும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கில் இருப்பது அநேகமாக ஹை ஃப்ளோவாக இருக்கும். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஈரமாக்கி வேகமாக அனுப்புகிற மிஷின் அது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 2 லிட்டர் என்று நிமிடக் கணக்கு வைப்பார்கள். 6 கிலோ பையன் என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 1,472 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. சாதாரண ஆக்சிஜன் வைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு அது போதாமல் சிகிச்சையைக் கூட்ட வேண்டி வந்தது. ஹை ஃப்ளோ வைத்தவர்களில் அது 12 சதவீதம்தான்.

அப்புறம், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் சிஸ்டர் வந்து மூக்குச் சளியை உறிஞ்சி எடுக்கிறாரே, அதுவும் பெரிய வைத்தியம். இந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பாதி மூச்சு போன மாதிரி. ராத்திரி மூன்று மணிக்கும் கண் விழித்து அதைச் செய்கிற பிள்ளைகளைப் பார்த்து ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு வலிக்கும்.

அதே அம்மா: வாயில் குழாய் எதற்கு? தாய்ப்பால் கொடுக்கவே விடவில்லை.

நிமிடத்துக்கு அறுபது, எழுபது தடவை மூச்சு வாங்குகிற குழந்தைக்குச் சப்பி விழுங்க நேரம் கிடைக்காது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் குழாய் வழியாக நேராக வயிற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். உங்கள் பாலைத்தான் கேட்பார்கள். சுத்தமான கிண்ணத்தில் பீச்சிக் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சிக்கொண்டே இருங்கள், ராத்திரியிலும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் பையன் தேறி வரும்போது பால் குறைந்துபோயிருக்கும்.

தண்டையார்பேட்டை, ஒரு சித்தி: மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 94, 91, 93 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 100 வரவே இல்லையே?

வர வேண்டியதில்லை. 90-க்கு மேல் நிலையாக நின்றாலே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும் என்றுதான் டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். குழந்தை காலை உதைத்தாலே அந்த எண் குதிக்கும். எண்ணை விட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள். நேற்றைவிட விலா உள்வாங்குவது குறைந்திருக்கிறதா, உங்கள் குரலுக்குக் கண் திருப்புகிறதா? நான் ஷிஃப்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் அப்பா: வென்டிலேட்டர் போட வேண்டியிருக்கலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். வென்டிலேட்டர் போட்டால் திரும்பி வராது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார்.

தம்பி, அந்தப் பேச்சை மனதில் வைக்காதீர்கள். பெரியவர்களின் ஐ.சி.யு.வில் பார்த்ததை வைத்துச் சொல்கிறார்கள். இந்த நோயில் ஹை ஃப்ளோ போதாவிட்டால் முதலில் சிபாப் வைப்பார்கள். குழந்தை மூச்சை வெளியே விடும்போதும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, சின்னக் குழல்கள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கிற முறை அது. தண்ணீருக்குள் குமிழி விடுகிற பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் சிபாப்தான். அதிலும் குழந்தை சோர்ந்துபோனாலோ, மூச்சு விட்டுவிட்டு நின்றாலோ, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலோதான் வென்டிலேட்டர். களைத்துப்போன நெஞ்சுக்குக் கிடைக்கிற ஓய்வு அது. வேறு நோய் இல்லாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சில நாளில் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். வென்டிலேட்டர் வரை போன குழந்தைக்கு பாக்டீரியாவும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது டாக்டர் ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இதயக் குறையோடு பிறந்த குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் ஆபத்து கூடுதல்தான், அதை மறைக்க மாட்டேன். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தினமும் ஒரு நேரம் ஒதுக்கிச் சொல்லச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டி: எங்க காலத்துல குளிப்பாட்டி சாம்பிராணி காட்டி, மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஊதிவிடுவோம். இப்ப எதுவும் கூடாதுன்னா எப்படிம்மா?

பாட்டி, நீங்கள் பாசத்தில் செய்வது எனக்குத் தெரியும். என் பாட்டியும் எனக்குச் செய்தவர்தான். ஆனால் சளி பிடித்த குழந்தைக்கு சாம்பிராணிப் புகை ஏற்கெனவே வீங்கிய குழலில் நெருப்பு வைக்கிற மாதிரி. கொசுவர்த்தி, சிகரெட் எல்லாம் அதே கணக்கு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் அதுவே தனியாக ஒரு நிமோனியா. வாயால் ஊதினால் உங்கள் வாயிலிருக்கும் கிருமி நேராகக் குழந்தைக்குப் போகும். கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் வயிற்றுக்குள் போனால் ஃபிட்ஸ் வரும். மருந்துக்கடையில் கிடைக்கிற உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டுத் துடையுங்கள். குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எண்ணூர், மணலிப் பக்கத்துக் காற்றை நாளைக்கே நம்மால் மாற்ற முடியாது, வீட்டுக்குள் இருக்கிற புகையை மாற்றலாம்.

பெரம்பூர்: கடையில் கொடுத்த இருமல் சிரப் தரலாமா?

கூடவே கூடாது. 2 வயதுக்குள் எந்த இருமல் சிரப்பும் வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் விஷம் கலந்த இருமல் சிரப்பால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்ததை மறந்துவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம்.

திருவொற்றியூர், 7 மாதக் கர்ப்பிணி: பிறக்கப்போகிற குழந்தைக்கு இது வராமல் தடுக்க ஊசி இருக்கிறதா?

1960-களில் அமெரிக்காவில் முதலில் போட்டுப் பார்த்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசி நோயை இன்னும் மோசமாக்கி, இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதனால் பல பத்தாண்டுகள் இந்த வேலை தேங்கியது. 2023-ல்தான் அமெரிக்காவில் இரண்டு வழிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒன்று, 32 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குப் போடும் தடுப்பூசி. இன்னொன்று, நிர்செவிமாப் என்று குழந்தைக்குப் போடும் ஊசி. அடுத்த செக்கப்பில் உங்கள் டாக்டரிடம் இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

எம்.கே.பி. நகர், குறைமாதக் குழந்தையின் அப்பா: எப்போது ஓடி வர வேண்டும்?

சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வழக்கமாகக் குடிக்கிற பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை, விலா உள்வாங்குகிறது, முனகுகிறது என்றாலும் அப்படித்தான். உதடு நீலமாகிறது, எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் எண்ணிக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டான்லியோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். உங்களுடையது குறைமாதக் குழந்தை, அதனால் ஒன்று சொல்கிறேன். இப்படிப்பட்ட குழந்தைக்குச் சளி பெரிதாகத் தெரியும் முன்பே மூச்சு நிற்கலாம். சளி பிடித்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் பொதுவாக உச்சம். முதல் நாள் டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும், அந்த நாட்களில் மறுபடி கூட்டி வரத் தயங்காதீர்கள். ‘நேற்றுத்தானே வந்தீர்கள்’ என்று யாரும் கேட்டாலும் வாருங்கள்.