பூட்டு பெரிசு, ஸ்க்ரூ சிறிசு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முன்கதவுக்கு ஆறாயிரம் ரூபாயில் பூட்டு போட்டுவிட்டோம். கொல்லைக் கதவு சாதாரண பிளஷ் டோர் (இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு), நடுவில் ஒரு தாழ்ப்பாள். அது போதும்தானே? (கரூர்)

பதில்: போதாது. வருகிறவன் வாசலில் நின்று காலிங் பெல்லா அடிக்கப்போகிறான்? கொல்லைக் கதவைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கூடுதான். அதை மாற்றும்போது உள்ளே முழுக்கட்டை அடைத்த கதவாகப் பாருங்கள். பிளஷ் கதவுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 2202 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை மேலே ஒன்று, கீழே ஒன்று என இன்னும் இரண்டு தாழ்ப்பாள் போட்டு, வெளியே ஒரு இரும்புக் கிரில் கதவும் வைத்துவிடுங்கள். அந்தக் காலத்துக் குறுக்குக் கட்டையும் நல்ல யோசனைதான், ஆனால் நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்போது மட்டுமே அது காவல்.

கேள்வி: வேலைக்குப் போகும்போது சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவோம். எந்தக் கம்பெனி பூட்டு பாதுகாப்பு? (சேலம்)

பதில்: எந்தக் கம்பெனியும் வேண்டாம். பூட்டுக் காசு மிச்சம்.

கேள்வி: ஊருக்குப் போயிருந்தபோது வீட்டை உடைத்துவிட்டார்கள். ஆல்ட்ராப்பில் (கதவுக்கு வெளியே பூட்டு மாட்டும் நீளத் தாழ்ப்பாள்) தொங்கிய விலையுயர்ந்த பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆல்ட்ராப்போடு பிய்ந்து தரையில் கிடந்தது. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா? (தஞ்சாவூர்)

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். கடைக்காரர் ஏமாற்றவில்லை. பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது, அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூதான் செய்யவில்லை. பல வருடமாக நான் புலம்பும் விஷயம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஸ்க்ரூவை யார் திருகுகிறார்கள்? சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றுதான் திருப்புளி. அப்படி அடித்தால் ஸ்க்ரூவின் மரை மரத்தைக் கவ்வாது, நாரைக் கிழித்துக்கொண்டு ஆணி மாதிரி நிற்கும். கடப்பாரை நுனியை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் ஆல்ட்ராப் கையோடு வந்துவிடும். நீள ஸ்க்ரூ போடலாமே என்றால், கதவின் கனம் ஒன்றேகால், ஒன்றரை அங்குலம்தான். அதனால் ஆல்ட்ராப்புக்கு ஸ்க்ரூவே வேண்டாம். கதவை ஊடுருவும் போல்ட் போடச் சொல்லுங்கள். வெளியே வழவழப்பான குமிழ்த் தலை, உள்ளே வாஷரும் நட்டும். கீலுக்கு நிலைப் பக்கம் இரண்டரை அங்குல ஸ்க்ரூ, முதலில் துளை போட்டுவிட்டுத் திருக வேண்டும். அப்புறம், கதவுக்குள் பதிக்கும் பூட்டு வாங்கினால் பெட்டியில் ஒரு எஃகுத் தகடு இருக்கும். பூட்டின் நாக்கு நிலைக்குள் நுழையும் இடத்தில் அதை மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் வெறும் துளையை மட்டும் குடைந்துவிட்டுப் போனார். தகட்டை மூன்று வருடம் கழித்துப் பூட்டுப் பெட்டிக்குள்ளேயே பார்த்தேன், காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

இன்னொன்று: வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதி மாட்டிய பலகை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: தேக்கு என்று சொல்லி விற்ற வாசல் கதவு, இரண்டு மாதத்தில் சாயம் போய் உள்ளே வெளிர் மரம் தெரிகிறது. “விற்ற பொருள் வாபஸ் இல்லை, பில்லைப் பாருங்கள்” என்கிறார்கள். (விழுப்புரம்)

பதில்: அதை பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் கதவைப் படம் எடுங்கள். வேறொரு மரக்கடையில் காட்டி, என்ன மரம் என்று எழுதி வாங்குங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. விடாதீர்கள். உங்கள் பில்லில் “கதவு – 1” என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் இழுபறியாகும். மற்றவர்கள் மரத்தின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: திண்டுக்கல் பூட்டு இன்னும் நம்பலாமா? (மதுரை)

பதில்: நல்ல பட்டறைப் பூட்டு என்றால் தாராளமாக. 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிய சரக்கு. நடைபாதையில் அதே பெயர் சொல்லி விற்பதை நம்பாதீர்கள். ஒருமுறை நாலு பூட்டு மலிவாகக் கிடைத்ததே என்று அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரே சாவிக்கு நாலும் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரருடையதும் திறந்தது, அவரும் அங்கேதான் வாங்கியிருக்கிறார்.

கேள்வி: கைரேகைப் பூட்டு வாங்கலாமா? சாவியைச் சுமக்கும் தொல்லை போகுமே. (கோவை)

பதில்: வாங்கலாம், ஆனால் சாவியைச் சுமக்கத்தான் வேண்டும். என்னுடையது பேட்டரி தீரப்போகிறது என்று பத்து நாள் கீச்சிட்டது. பல்லி என்று நினைத்தேன். தீர்ந்த அன்று இரவு, அவசரச் சாவி பத்திரமாக பீரோவுக்குள் இருந்தது. பீரோ வீட்டுக்குள் இருந்தது. நான் மாடிப்படியில் இருந்தேன்.