பாட்டில் போதாதா? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

கடற்கரையோரத் தண்ணீரில் மிதக்கும் மணலையும் சேற்றையும் ஒலியை வைத்து அளக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பாட்டிலில் மொண்டு, வடிகட்டி, எடை போட்டால் முடிகிற வேலைதானே? அப்புறம், அந்தச் சத்தம் மீன்களைத் தொந்தரவு செய்யாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாட்டில் கண்டிப்பாக வேண்டும். அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் துகள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியை எடைக் கணக்காக மாற்றினால் அதை நம்ப முடியாது. ஆனால் பாட்டில் சொல்வது ஓர் இடத்தை, ஒரு கணத்தை மட்டும். கடல் தரையில் மணல் வரிவரியாகப் படிந்திருக்கும் இல்லையா, அலை ஒவ்வொரு முறை வந்து திரும்பும்போதும் அந்த வரிகளுக்குப் பின்னால் சின்னச் சுழல் உருவாகி, நீர் திசை மாறுகிற நொடியில் மணலை அள்ளிக்கொண்டு மேலே கிளம்புகிறது. கரை அரிப்பைப் புரிந்துகொள்ள அந்த நொடிதான் முக்கியம், அதைப் பாட்டிலில் பிடிக்கவே முடியாது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கீழ்நோக்கிப் பொருத்திய ஒலிக்கருவி பிடித்துவிடும். நொடிக்குப் பல முறை ஒலித் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பிரித்துத் தருகிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்தில் டீ (Dee) ஆற்றின் கழிமுகத்தில் இப்படித்தான் அளந்தார்கள்.

சிக்கல் துகளின் அளவில் இருக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு) ஒலியின் அலைநீளம் கடல்நீரில் சுமார் 1.5 மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறிய மணல்துகளின் ஆரம் இரண்டு மடங்கானால் அதன் எதிரொலியின் செறிவு, அதாவது வலிமை, 64 மடங்காகிறது. மணலின் மொத்த எடை மாறாமல் வைத்துப் பார்த்தாலும் 8 மடங்கு! அதாவது எதிரொலி கூடினால் மணல் கூடியது என்று அர்த்தமில்லை, பருமணல் கிளம்பியிருக்கலாம். அதனால்தான் 1, 2, 4 மெகாஹெர்ட்ஸ் என்று பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் கேட்டு, துகளின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே அதிர்வெண்ணில் கேட்ட எதிரொலியை அப்படியே கலங்கல் அளவு என்று வண்ணப்படமாகப் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். சேறு இன்னும் மோசம். அது தளர்வான திரள்களாக ஒட்டிக்கொண்டு மிதக்கிறது, அவை உடைந்து உடைந்து சேர்வதால் எதிரொலியும் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே வெளிச்சத்தை வைத்துக் கலங்கலை அளக்கும் ஒளிக்கருவியையும் கூடவே வைப்பது நல்லது.

மீன்களைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. பெரும்பாலான மீன்களுக்குச் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, டால்பினுக்கே சுமார் 1,50,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை. இந்தக் கருவிகள் பேசுவது பத்து லட்சம் ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும். அந்த ஒலியைக் கடல்நீர் சீக்கிரமே உறிஞ்சிவிடும், வெகுதூரம் போகாது.

அன்புடன்.