சூளையின் தகட்டைப் பாருங்கள், ஷெட் அப்புறம்

கேள்வி: மூன்று வருடமாகக் கண்ணாடி வார்ப்பு செய்துவருகிறேன். தொழில் இல்லை, பொழுதுபோக்குதான். இப்போது இருப்பது மேசைமேல் வைக்கிற சின்ன மின்சூளை. உள்ளங்கை அகலத்துக்கு மேல் எதையும் வார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு மீட்டருக்கு ஆறு மீட்டரில் ஒரு பட்டறை போட்டு, பெரிய சூளை வாங்கலாம் என்று இருக்கிறேன். ஷெட் விற்பவர் பஃப் பேனல் ஷெட் போடச் சொல்கிறார். ஒரே வாரத்தில் நிறுத்திவிடுவாராம், அனுமதி எதுவும் வேண்டாமாம், இந்த மாதத்துக்குள் சொன்னால் தள்ளுபடியாம். அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். சூளையை முதலில் வாங்குவதா, கட்டடத்தை முதலில் கட்டுவதா? பேனல் ஷெட்டுக்குள் சூளை வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். ஆனால் சூளையை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த மாடல், எவ்வளவு கிலோவாட், எத்தனை ஃபேஸ், வெளி அளவு என்ன, எடை என்ன என்ற ஐந்தும் கையில் இருந்தால்தான் கட்டடத்தைப் பற்றிப் பேச முடியும். சூளையின் பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். அதில் இருக்கிற எண்கள்தான் உங்கள் பட்டறையின் பிளான். வாங்குவதற்கு முன்பே அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், கட்டடம் கட்டி முடித்த பிறகுதான் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். ஒருவர் சுவர், கூரை, டைல்ஸ், ஜன்னல் எல்லாம் முடித்துவிட்டு, வயரிங் மட்டும் பாக்கி என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கதவு 90 சென்டிமீட்டர், வாசலில் நின்ற சூளை 110 சென்டிமீட்டர். கதவு நிலையை இடித்துத்தான் உள்ளே ஏற்றினோம். வாசலில் ஒரு படி வேறு கட்டியிருந்தார், அழகுக்காக. இருநூறு கிலோ சூளையை அந்தப் படிமேல் ஏற்றும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரட்டைக் கதவு போடுங்கள். படி வேண்டாம், சரிவு போதும்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் இதில்தான். 7 கிலோவாட் சூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் அது 30 ஆம்பியர் இழுக்கும். அதையே மூன்று ஃபேஸில் பிரித்தால் ஃபேஸுக்குப் பத்து ஆம்பியர்தான். மிக்ஸி மாதிரி இரண்டு நிமிடம் ஓடி நிற்கிற சாமான் இல்லை இது. சூடேறும்போது மணிக்கணக்கில் முழு லோடில் நிற்கும். அதனால் 30 ஆம்பியருக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் போட்டால் பற்றாது. தொடர்ந்து ஓடுகிற லோடுக்குக் கால் பங்கு கூட்டிக் கணக்குப் போடுவது வழக்கம், அதாவது 37.5, அதற்கு அடுத்த பிரேக்கர் அளவு 40. கேபிளும் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும்.

வீட்டு மெயின் போர்டிலிருந்து தோட்டத்துக் கடைசிவரை கேபிள் இழுக்கும்போது இன்னொரு சங்கடம் வரும். மெலிந்த கேபிளில் வழியிலேயே வோல்டேஜ் குறையும். ஐந்து சதவீதம் குறைந்தால் சூளையின் சக்தி ஐந்து சதவீதம் குறையாது, பத்து சதவீதம் குறையும். 800 டிகிரிக்கு மேல் ஏற வேண்டிய சூளை 760-ல் திணறிக்கொண்டு நிற்கும். நீங்கள் கண்ணாடியைக் குறை சொல்வீர்கள், அச்சைக் குறை சொல்வீர்கள், சூட்டைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரை மாற்றுவீர்கள். குற்றவாளி மண்ணுக்கடியில் நிம்மதியாகக் கிடப்பான்.

ஆக, அஸ்திவாரத்துக்குக் கோடு போடுவதற்கு முன்பு மின் வாரியமோ உங்கள் மின் நிறுவனமோ இந்த லோடைத் தர முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது செல்லாது. “அதெல்லாம் தந்துடுவாங்க, நான் பார்த்துக்கறேன்” என்று ஒரு ஆள் வருவார். எல்லா ஊரிலும் அவர் உண்டு. அவருக்குக் கொடுக்கிற பணம் உங்கள் விண்ணப்பத்தை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தலாம், டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்காது. தெருவில் அந்த அளவு சக்தி இல்லையென்றால் யார் கையெழுத்துப் போட்டாலும் இல்லைதான். நீங்களே விண்ணப்பம் போடுங்கள், உங்கள் பெயரிலேயே ரசீது வாங்குங்கள்.

அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தால் இன்னொரு கூத்து. வீடா, கடையா, தொழிற்சாலையா என்று கேட்பார்கள். பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் நான் பார்த்த படிவங்களில் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை சூளை எரிக்கிற மனிதனை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று தெரியாமல், அதிகாரி உங்களைத் தொழிற்சாலையாக்கப் பார்ப்பார். “வீட்டைச் சேர்ந்த பட்டறை, சொந்தப் பயன்பாடு, விற்பனை இல்லை” என்று தனியாக ஒரு கடிதம் எழுதி, சூளையின் தகட்டுப் படத்தோடு இணைத்துக் கொடுங்கள். நாலு தடவை நடக்க வேண்டியிருக்கும். நடங்கள். வேறு வழி சொல்ல எனக்கும் ஆசைதான்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு, இப்போது நீங்கள் வைத்திருப்பது மாதிரியான சின்ன சூளை. ஆனால் இந்த விதிவிலக்கை எல்லோரும் இழுத்து இழுத்து நீட்டுகிறார்கள், அதனால் அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். சூளை சாதாரண வீட்டு சாக்கெட்டின் அளவுக்குள் இருக்க வேண்டும். அந்த சாக்கெட்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் வந்திருக்க வேண்டும், அதே வயரில் ஃப்ரிட்ஜோ மோட்டாரோ இருக்கக் கூடாது. நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. “ஒரு நாள்தானே” என்று சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால், அந்தச் சுருளே ஒரு ஹீட்டர் ஆகிவிடும். பிளாஸ்டிக் உருகி ஒரே கட்டியாக ஒட்டிப்போன சுருள் ஒன்றை என் மேசையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் காட்டுவதற்காக. அப்புறம், “பெரியது ஒன்றுக்குப் பதில் சின்னது மூன்று வாங்கிக்கொள்கிறேன்” என்பதும் விதிவிலக்கில் வராது. மூன்றும் ஒன்றாக ஓடினால் லோடு பெரியதுதான். வாடகை வீடா, சொந்த வீடா என்பதும் இதை மாற்றாது. இந்த எல்லைக்குள் இருக்கிறவர்கள் மின் விண்ணப்பம் இல்லாமல் ஒரு ஷெட்டில் சூளையை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டப்போகிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு இல்லை.

இனி பேனல். இரண்டு தகடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பஃப் என்பது பாலியூரித்தேன் நுரை. தெர்மாகோல் வைத்தும் பேனல் வருகிறது. இரண்டும் எரியும், எரியும்போது வருகிற புகை மூச்சுக்கு விஷம். வெளியே தகடு இருப்பதால் நெருப்பு பிடிக்காது என்று விற்பவர் சொல்வார். தகட்டில் ஓட்டை போட்டு வயரும் எக்ஸாஸ்ட் குழாயும் நுழைகிற இடத்தில் நுரை வெளியே தெரியும் அல்லவா, அதைப் பற்றி அவர் பேச மாட்டார். இதே பேனல் ராக்வூல் நடுப்பகுதியோடும் கிடைக்கிறது. அது கல்லை உருக்கி நூற்ற நார், எரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ராக்வூல் மங்கலான நிறத்தில், நார் நாராக, கையில் அரிக்கும். நுரை வெண்மையாகவோ மஞ்சளாகவோ, நகம் பட்டால் பள்ளம் விழும்.

சூளையைச் சுற்றி, தயாரிப்பாளர் சொல்கிற இடைவெளி கட்டாயம். எதுவும் சொல்லவில்லையென்றால் அரை மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். பின்சுவர் செங்கல்லாகவோ சிமென்ட் பலகையாகவோ இருக்கட்டும், தரை கான்கிரீட்டாக இருக்கட்டும். சூளையை நிறுத்துகிற ஸ்விட்சைக் கதவுப் பக்கம் வையுங்கள். சூளைக்குப் பின்னால் வைக்கிற எலெக்ட்ரீஷியன்கள்தான் அதிகம், ஏனென்றால் அங்கே வயர் மிச்சம். உள்ளே மின்சாரத்தைப் போட்டு நிறுத்துகிற ரிலே ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் “போதும்” என்று சொன்னாலும் சூளை ஏறிக்கொண்டே போகும். அப்போது கொதிக்கிற பெட்டியைத் தாண்டிக் கை நீட்டிப் பாருங்கள், ஸ்விட்ச் எங்கே இருக்க வேண்டும் என்று உடனே புரியும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் நீராவி. பிளாஸ்டரும் சிலிக்காவும் கலந்து அச்சு ஊற்றுகிறீர்கள். பத்து கிலோ தூளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் போகிறது. அதில் பெரும்பகுதி சூளை 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாக வெளியேறும். பிளாஸ்டருக்குள் கட்டுண்ட தண்ணீர் அதற்குப் பிறகும் வரும். ராத்திரி குளிர்ந்த தகரக் கூரையில் அந்த ஆவி பட்டு, துளியாகத் திரண்டு, நேராக சூளை மூடியின்மேல் சொட்டும். காலையில் மூடியில் துருப்பிடித்த சொட்டுக் கோலம் இருக்கும். ஈரம் ஏறிய சூளைச் செங்கல்லில் மின்கசிவு வந்து ஆர்சிசிபி, அதாவது கசிவு தெரிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச், டிரிப் ஆகும். உடனே ஒருவர் வந்து “அந்த ஆர்சிசிபியைக் கழற்றிவிடுங்கள், தொல்லை இல்லை” என்பார். அந்த ஆளைக் கழற்றிவிடுங்கள். சூளைக்கு மேலே ஒரு கூம்பு மூடி, அதிலிருந்து வெளியே ஒரு குழாய், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். எதிர்ச் சுவரில் தாழ்வாகக் காற்று நுழைய வழி. இவ்வளவுதான் வேண்டும்.

சீலிங் ஃபேன் மட்டும் வேண்டாம், தூசியைக் கிளப்பும். அச்சுத்தூளில் இருக்கிற சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடுகிற பொருள். படிகச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் 1997-லேயே சேர்த்துவிட்டார்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். முகமூடி மூக்கோடு ஒட்டி இருக்க வேண்டும், தாடி வைத்திருந்தால் ஒட்டாது. பிளாஸ்டர் கலந்த வாளியைக் கழுவுநீர்க் குழாயில் கவிழ்த்துவிடாதீர்கள், தரைக்கடியில் போய்க் கல்லாக இறுகும். இரண்டு வாளி வைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

பெரிய வார்ப்பு என்றால், விரிசல் விடாமல் குளிரவைக்கவே நாள்கணக்கு. கண்ணாடியின் தடிமன் இரண்டு மடங்கானால், குளிரவைக்கிற வேகத்தை நாலில் ஒரு பங்காக்க வேண்டும். வார்ப்புக்கென்று விற்கிற கண்ணாடியில், 25 மில்லிமீட்டருக்கு முதல் கட்டத்தில் மணிக்குச் சுமார் 15 டிகிரி இறக்கலாம் என்றால், 50 மில்லிமீட்டருக்கு நாலு டிகிரிகூடக் கிடையாது. அமெரிக்காவில் பாலமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934 கடைசியில் கார்னிங் நகரில் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டைக் குளிரவைக்கவே சுமார் பத்து மாதம் ஆனது. நடுவில் 1935-ல் ஆற்று வெள்ளம் வந்து, மின்கருவிகளை மேலே தூக்க வேண்டியிருந்தது, சூடேற்றம் சில நாள் நின்றது. வட்டு எப்படியோ தப்பியது. உங்கள் வார்ப்பு தப்பும் என்று நம்பாதீர்கள். மெயின் போர்டை இடுப்புக்கு மேலே வையுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் கன்ட்ரோலர் விட்ட இடத்திலிருந்து தொடருமா, அல்லது நின்றுவிடுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக அனுமதி. “வேண்டாம்” என்று ஷெட் விற்பவர் சொல்வது ஒருவேளை ஷெட்டுக்குச் சரியாக இருக்கலாம், சின்ன ஷெட்டுகளுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. ஆனால் அவர் மனதில் இருப்பது புல்வெட்டும் மெஷினும் பழைய சைக்கிளும் வைக்கிற ஷெட். 800 டிகிரி சூளை உள்ளே வரப்போகிறது என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். “கிடங்கு என்று போட்டுக்கொள்ளுங்கள்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நாளைக்கு ஒரு நெருப்பு என்றால், காப்பீட்டுக்காரர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த ஒரு வார்த்தையைத்தான். கிடங்கில் சூளை ஏன் என்று கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. பட்டறை என்றே எழுதுங்கள், சூளையையும் குறிப்பிடுங்கள், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கொடுத்த அட்வான்ஸ் போய்விடுமோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. விற்பவரிடம் போய் மூன்று மாற்றம் கேளுங்கள். பேனலின் நடுப்பகுதி ராக்வூல், கதவு இரட்டைக் கதவு, வேலை தொடங்குவது மின் அனுமதி எழுத்தில் வந்த பிறகு. மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் அவரிடமே வாங்குங்கள், தள்ளுபடி போனாலும் பரவாயில்லை. “பில்லில் அதெல்லாம் எழுத மாட்டோம் சார், நம்பிக்கைதான்” என்றால், அட்வான்ஸை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.