நங்கூரம் ஏன் நழுவியது? மத்தியதரைக் கடல் படகுப் பயணம்: வாசகர் கேள்வி பதில்

லண்டன் வாசகர்: ஜூலை கடைசியில் ஒரு வாரம் கிரேக்கத்தில் 40 அடி பாய்ப்படகு வாடகைக்கு எடுக்கிறோம். ஆறு பேர், படகு ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர்தான். சாண்டொரினி, மிகோனொஸ் பக்கம் போகலாமா, அயோனியன் தீவுகளுக்குப் போகலாமா?

பதில்: அயோனியன். இதில் யோசிக்க அதிகம் இல்லை.

நீங்கள் போகும் மாதத்தில், சாண்டொரினியும் மிகோனொஸும் இருக்கும் ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற கோடைக்காற்று உச்சத்தில் இருக்கும். வடக்கிலிருந்து வீசுவதால் நம் கணக்கில் அது வாடை. ஆனால் மழையோடும் குளிரோடும் வருகிற வாடை இல்லை. பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிப் பக்கம் வெயிலில் காய்ந்த நிலத்தின் மேல் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே காற்று தெற்கே பாய்கிறது. அதனால் வானத்தில் ஒரு மேகம்கூடத் தெரியாமல், பளீரென்ற வெயிலிலேயே பியூஃபோர்ட் காற்று அளவில் 6, 7 வரை போய்விடும். 7 என்றால் 28 முதல் 33 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். தொடர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் அடிப்பதும் வழக்கம். ஒரு வார வாடகையில் பாதி நாள் துறைமுகத்திலேயே கழிந்துவிடும். சனிக்கிழமை படகைத் திருப்பித் தர வடக்கு நோக்கி வர வேண்டியிருந்தால் இன்னும் கஷ்டம்.

இன்னொரு பொறி. தீவின் தெற்குக் கரை காற்றுக்கு மறைவு என்று நினைத்து ஒதுங்குவார்கள். அலைக்குத்தான் அது மறைவு, காற்றுக்கு இல்லை. ஆண்ட்ரொஸ், டினொஸ் போன்ற உயர்ந்த தீவுகளில் காற்று மலை மேல் ஏறி மறுபக்கச் சரிவில் விழும்போது, திறந்த கடலில் இருப்பதைவிடக் கடுமையாக அறையும். சாண்டொரினிக்கு வேறு சங்கடம்: எரிமலைக் குழிக்குள் ஆழம் ஏறக்குறைய 400 மீட்டர் வரை போகிறது. உங்கள் படகில் இருக்கும் சங்கிலி 50, 60 மீட்டர்தான்.

அயோனியனில் காலையில் கடல் எண்ணெய் விட்டது போல் கிடக்கும். நண்பகலுக்குப் பிறகு வடமேற்குக் காற்று எழுந்து பியூஃபோர்ட் 4, 5 வரை போகும். பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். லெஃப்காடாவில் தொடங்கி மெகனீசி, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ, இத்தாக்காவின் கியோனி, திரும்பும் வழியில் சிவோட்டா என்று போனால் ஒரு நாள் ஓட்டம் 10 முதல் 20 கடல் மைலுக்குள் அடங்கும். ஃபிஸ்கார்டோவுக்கு மதியம் 2 மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு கரையோரம் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இடமில்லையென்றால் விரிகுடாவின் வடகரையில் நங்கூரம் போட்டுப் பின்பக்கக் கயிற்றைக் கரைப் பாறையில் கட்டலாம். அதற்கு 50 மீட்டர் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு வேண்டும். படகில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

பாரிஸ் வாசகர்: பாக்ஸொஸ் தீவின் லாக்கா விரிகுடாவில் 5 மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர் சங்கிலி விட்டோம். ஆழத்தைப் போல நான்கு மடங்கு. நங்கூரம் 20 கிலோ. ஆனாலும் இரவு ஒரு மணிக்குப் படகு நழுவிப் பக்கத்துப் படகில் போய் இடித்தது. நங்கூரம் எடை போதவில்லையா?

பதில்: எடையில் குறையில்லை, கணக்கில்தான் குறை. அந்த "5 மீட்டர்" எங்கிருந்து அளந்தது? வாடகைப் படகுகளில் பெரும்பாலும் ஆழமானி அடிக்கட்டைக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றுதான் காட்டும்படி வைத்திருப்பார்கள், தரை தட்டாமல் இருக்க. உங்கள் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் 2 மீட்டர் இறங்கியிருந்தால் உண்மையான ஆழம் 7. அதோடு முடியவில்லை. சங்கிலி தண்ணீர் மட்டத்திலிருந்து புறப்படுவதில்லை. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையிலிருந்து இறங்குகிறது. அது நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 1.3 மீட்டர். ஆக 8.3 மீட்டர். 20-ஐ 8.3-ஆல் வகுத்தால் 2.4 மடங்குதான். நான்கு மடங்குக்கே 33 மீட்டர் வேண்டும்; இரவு தங்க ஐந்து மடங்கு, அதாவது 42 மீட்டர் விடுவது நல்லது. பலத்த காற்று வரும் என்று தெரிந்தால் ஏழு மடங்கு, 58 மீட்டர். உங்கள் பெட்டியில் இருக்கும் சங்கிலி முழுவதும் அதற்கே சரியாகப் போகும்.

20 கிலோ இரும்பு பல டன் படகைத் தன் எடையால் பிடித்து நிறுத்துவதில்லை. கலப்பைக் கொழு போல மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. இழுப்பு தரையோடு தரையாக வந்தால் கொழு மேலும் ஆழப் போகும். மேல்நோக்கி வந்தால் கிளம்பிவிடும். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. இளங்காற்றில் அந்தக் கனத்தாலேயே சங்கிலி தொங்கித் தரையில் படுத்திருக்கும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விசை நான்கு மடங்காகும். காற்று ஒருமுறை பலமாக வீசினால் சங்கிலி விறைத்து நேர்கோடாகிவிடும். அப்போது அதன் நீளம் தீர்மானிக்கிற கோணம் மட்டும்தான் உங்களைக் காப்பாற்றும். இரவு ஒரு மணிக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தரையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். லாக்காவில் நல்ல மணல் உண்டு, நடுநடுவே புல் திட்டுகளும் உண்டு. வெளிர்பச்சையாகத் தெரிந்தால் மணல், கருநீலமாகத் தெரிந்தால் புல் அல்லது பாறை. புல் மேல் விழுந்த நங்கூரம் வேர்ப்பாயில் சிக்கிக்கொண்டு பிடித்தது போலப் பாசாங்கு செய்யும்; பிறகு ஒரு கட்டுப் புல்லோடு பெயர்ந்து வந்துவிடும். புல் சுற்றிய கொழு மறுபடி மண்ணில் இறங்காது. மேலே தூக்கிப் புல்லை நீக்கிவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். காற்றை எதிர்கொண்டு மெதுவாக மணல் திட்டுக்கு மேலே வந்து படகை முழுக்க நிறுத்துங்கள். நங்கூரம் தரை தொடும் வரை மட்டும் சங்கிலியை இறக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே குவியலாக விழுந்து சுற்றிக்கொள்ளும். காற்று படகைப் பின்னால் தள்ளத் தள்ள, அந்த வேகத்துக்கு ஏற்றாற்போல் விட்டுக்கொண்டே வாருங்கள். மூன்று மடங்கு போனதும் சற்று நிறுத்தி இறுக விடுங்கள், கொழு திரும்பி மண்ணைக் கவ்வும். பிறகு மீதியை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ரிவர்ஸ் கியரில் எஞ்சினை முதலில் நிமிடத்துக்கு 1000 சுற்று, பிறகு 1500, கடைசியில் 2000 சுற்றில் அரை நிமிடம். அவசரப்பட்டு எடுத்தவுடனே 2000 கொடுத்தால் இறங்கிக்கொண்டிருக்கும் நங்கூரத்தை நீங்களே பிடுங்கிவிடுவீர்கள். இழுக்கும்போது பக்கவாட்டில் கரையில் ஒரு மரம், அதன் பின்னால் ஒரு வீடு என்று இரண்டை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு கலையாவிட்டால் பிடித்திருக்கிறது. சங்கிலி மேல் காலை வைத்தாலும் தெரியும்: பிடித்த சங்கிலி விறைப்பாக, அசையாமல் இருக்கும், நழுவும் சங்கிலி கரகரவென்று அதிரும். தண்ணீர் தெளிவான கடல். கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்ப்பதைவிட நிச்சயமான சோதனை கிடையாது.

கடைசியாக, 12 அல்லது 14 மி.மீ. நைலான் கயிறு 8 மீட்டர் எடுத்து, ஒரு முனையைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையை முன்பக்கக் கட்டையில் கட்டிச் சங்கிலியைச் சற்றுத் தொய்ய விடுங்கள். நைலான் நீண்டு கொடுப்பதால் அதிர்வு நங்கூரத்துக்குப் போகாது, சங்கிலியை ஏற்றி இறக்கும் வின்ட்லாஸ் எந்திரத்தின் பல்லுக்கும் போகாது. முன் அறையில் படுப்பவருக்குத் தூக்கமும் வரும். நங்கூரத்தில் நிற்பதற்கு அடையாளமாகப் பகலில் கறுப்புப் பந்து, இரவில் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கு. போனில் நங்கூர அலாரம் வைக்கும்போது, நீங்கள் நிற்கும் இடத்தை அல்ல, நங்கூரம் விழுந்த இடத்தை மையமாக வையுங்கள்.

டொரொண்டோ வாசகர்: துறைமுகச் சுவரில் பின்பக்கமாகப் போய்க் கட்டுவது எப்படி? காலையில் கிளம்பும்போது அடுத்தவர் சங்கிலி எங்கள் நங்கூரத்தின் மேல் கிடந்தால் என்ன செய்வது?

பதில்: 12 மீட்டர் படகுக்கு, சுவரிலிருந்து 40, 45 மீட்டர் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு நேராகப் பின்வாங்குங்கள். சங்கிலியை நிறுத்தி நிறுத்தி விடாதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்முனை ஒரு பக்கம் இழுபட்டு படகு கோணிப்போகும். பாதி தூரத்துக்கு மேல் வந்ததும் ஒருமுறை இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கரைக்குப் போக வேண்டியது காற்று வரும் பக்கத்துக் கயிறு. சுவரை ஒட்டி நிற்காதீர்கள். பல கிரேக்கத் துறைச் சுவர்களின் அடியில் கற்குவியல் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சுக்கான் அதில் தட்டும். படகுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விட்டு, பலகை போட்டு இறங்குங்கள். இரவு ஃபெர்ரி போகும் ஊரென்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி.

சங்கிலி குறுக்கே கிடப்பது தினசரி நடப்பதுதான், யாரையும் திட்ட வேண்டாம். உங்கள் நங்கூரத்தை நீர்மட்டம் வரை தூக்குங்கள். அடுத்தவர் சங்கிலியும் கூடவே வரும். ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் நுழைத்து இரு முனைகளையும் முன்பக்கக் கட்டையில் கட்டுங்கள். இப்போது அவர் சங்கிலி கயிற்றில் தொங்கும். உங்கள் நங்கூரத்தை ஒன்றிரண்டு மீட்டர் இறக்கினால் கழன்றுகொள்ளும். சற்றுப் பின்வாங்கி நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிடுங்கள். கையால் மட்டும் அந்தச் சங்கிலியைத் தொடாதீர்கள். அலையில் படகு ஒரு முறை ஏறி இறங்கினால் விரல் மிஞ்சாது.

சிங்கப்பூர் வாசகர்: ஃபோர்மென்டெராவில் கடல்புல் மேல் நங்கூரம் போட்டால் அபராதமாமே?

பதில்: ஆம். ஃபோர்மென்டெரா இருக்கும் ஸ்பெயினின் பாலியாரிக் தீவுகளின் அரசு 2018-ஆம் ஆண்டு போட்ட ஆணைப்படி, பொசிடோனியா என்ற இந்தக் கடல்புல் மேல் நங்கூரம் போடக் கூடாது. அது கடற்பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள தாவரம், இந்த இனம் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்வது. கிடைத்தண்டு ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஒரு சங்கிலி ஓரிரவில் வட்டமடித்து அறுத்ததை மூட எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இபிசாவுக்கும் ஃபோர்மென்டெராவுக்கும் நடுவே உள்ள புல்வெளி 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நடைமுறையில் மணலில் நங்கூரம் போட்டால் மட்டும் போதாது. காற்று திரும்பும்போது 40 மீட்டர் சங்கிலி சுற்றி வரும் வட்டம் முழுவதும் மணலாக இருக்க வேண்டும். டோனியா செயலியின் வரைபடத்தில் புல் எது, மணல் எது என்று தெரியும். கண்காணிப்புப் படகு வந்து இடம் மாற்றச் சொன்னால் வாதாடாதீர்கள். எங்கே போடலாம் என்று அவர்களே காட்டுவார்கள். ஃபோர்மென்டெராவை ஒட்டிய எஸ்பல்மடோர் தீவில் படகு கட்டும் மிதவைகள் உண்டு, முன்பதிவு செய்யலாம்.

துபாய் வாசகர்: நங்கூரத்தைத் தூக்கும்போது பாதியில் வின்ட்லாஸ் நின்றுவிட்டது. மோட்டார் போச்சா?

பதில்: பெரும்பாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்திருக்கும். 1000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். படகையே நங்கூரத்தை நோக்கி மோட்டாரால் இழுத்தால் தாங்காது. எஞ்சினை ஓடவிட்டு, மெதுவாக முன்னேறி, தொய்ந்த சங்கிலியை மட்டும் ஏற்றுங்கள். சங்கிலி செங்குத்தாக நின்றதும் நிறுத்துங்கள். படகின் அசைவே நங்கூரத்தைப் பெயர்க்கும், பிறகு தூக்கலாம். பிரேக்கர் பெரும்பாலும் பின் அறைக் கட்டிலுக்கு அடியிலோ பேட்டரிக்குப் பக்கத்திலோ இருக்கும். படகைக் கையில் வாங்கும்போதே இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வின்ட்லாஸின் கிளட்ச்சைத் தளர்த்தும் கைப்பிடி எங்கே என்றும், சங்கிலியின் கடைசி முனை பெட்டிக்குள் கயிற்றால் கட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அந்தக் கயிறு மேல்தளம் வரை எட்ட வேண்டும். நள்ளிரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தால் கத்தியால் அறுக்க வேண்டியது அதைத்தான். அறுக்கும் முன் சங்கிலி முனையில் ஒரு ஃபெண்டரை (படகு இடிபடாமல் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த மெத்தை) கட்டிவிட்டால் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.